உனக்காக வாங்கிய புளித்த பியர்

மச்சான்,

என் தேத்தண்ணி பிளாஸ்க்கை எப்படிக் கழுவினாலும் அந்த நாற்றம் போகவில்லை. உப்புப் போட்டுக் குலுக்கினேன், எலுமிச்சம்பழம் பிழிந்து ஊறவைத்தேன். இன்று வேலையிடத்தில் மூடியைத் திறந்தால், சீ, தேத்தண்ணிக்குள்ளிருந்து புளித்த பியர் மூக்கில் அடிக்கிறது. முழுவதையும் கொட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்தும் எரிச்சல் அடங்கவில்லை, அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

எந்தக் கடை என்று நான் சொல்லத் தேவையில்லை. பேர்ண் பழைய நகரத்தில், படியிறங்கிப் போகிற நமது பியர்க்கடைதான். உல்லாசப் பயணிகள் வாசலில் நின்று படம் எடுப்பார்கள். பாரம்பரியமாம்! உள்ளே வந்து இருந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும் அந்தப் பாரம்பரியத்தின் சீத்துவம். மேசையில் கையை வைத்தால் கையோடு மேசையும் வரும். பரிசாரகர் கதிரையைத் துடைத்த துணியாலேயே மேசையைத் துடைப்பார், அதே துணி பிறகு கிளாசுக்குள்ளும் போகும். கக்கூஸ் கதவு நமது முதுகுக்குப் பின்னால். குளிர்காலத்தில் உருக்கிய சீஸ் மணமும், நனைந்த கோட்டு மணமும், அந்தக் கதவு திறக்கும்போது வருகிற மணமும் சேர்ந்து நமது உடுப்பில் ஏறும். ஊரில் கள்ளுத் தவறணைகூட இதைவிடத் துப்புரவாக இருந்தது.

முதல் தடவை பனிக்கு ஒதுங்கத்தான் உள்ளே போனோம், நினைவிருக்கிறதா? நீ சுற்றிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, நல்ல இடம்" என்றாய். நானும் மரியாதைக்கு, "ஓம், நல்ல இடந்தான்" என்றேன். அதோடு சரி. ஒவ்வொரு வெள்ளியும் வேலை முடிய, "வழமையான இடத்துக்குத்தானே?" என்று நீ கேட்பாய், "வேற எங்க?" என்பேன். உனக்கு ஒரு பியர், குடியே இல்லாத எனக்கு அப்பிள் ஜூஸ். அந்த ஜூஸைக்கூடப் போத்தலோடுதான் குடிப்பேன், கிளாசைத் தொடமாட்டேன்.

எனக்கு விளங்காதது ஒன்றுதான். நீ ஆஸ்பத்திரியில் கிளீனிங் வேலை. கதவுக் கைப்பிடியையே டிஷ்யூ வைத்துத் திறக்கிறவன். அப்படிப்பட்டவன் இந்த அரியண்டத்துக்குள் வந்து இருக்கிறான் என்றால் அந்தப் பியரில் உயிரையே வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். ஆசைப்பட்டு வருகிறவனிடம் எப்படிக் குறை சொல்வது? மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன்.

நீ செத்த எட்டாம் நாள், உன் எட்டுச் செலவுக்கு, உன் மனைவி விடியவே எழும்பிச் சமைத்தாள். போனவருக்குப் பிடித்த மீனும் இறைச்சியும் குடியும் படைக்கிற நாள் அல்லவா? "பியர் நான் கொண்டுவாறன், தங்கச்சி" என்று நானாகவே ஏற்றுக்கொண்டேன். சுப்பர்மார்க்கெட் போத்தலை உன் முன்னால் வைக்க மனம் வரவில்லை. நீ குடித்த அதே குழாய்ப் பியர்தான் வேண்டும் என்று, மடையன் நான், தேத்தண்ணி பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு போனேன்.

பரிசாரகர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு நிரப்பித் தந்தார். உனக்கு வைக்கப்போவது சரியாக இருக்கவேண்டுமே என்று மூடியில் ஊற்றி ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். ஐயோ! வினாகிரியில் துருப்பிடித்த ஆணியை ஊறப்போட்ட மாதிரி இருந்தது. புளித்துப்போய்விட்டதே என்றேன். "எங்கட பியர் எப்பவும் இப்பிடித்தான்" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு அவர் துணியை எடுத்தார். பஸ்ஸில் அது பொங்கி, மூடியைத் தள்ளி, பைக்குள் வழிந்தது. பக்கத்தில் இருந்த பெண் எழும்பிப் போய்விட்டாள்.

ஓஸ்டர்முண்டிகனில் உன் வீட்டுக் குசினியில் பிளாஸ்க்கைத் திறந்தேன். உன் மனைவி முகத்தைச் சுளித்தாள்.

"என்ன அண்ணை இது?"

"அவன்ர பியர், தங்கச்சி. ஆனா பழசைத் தந்து ஏமாத்திப்போட்டாங்கள்."

அவள் இன்னொரு தரம் மணந்து பார்த்தாள். அழுது வீங்கின முகத்தில் சிரிப்பு வந்தது. "பழசில்லை அண்ணை. இவர் வெள்ளிக்கிழமையில இந்த மணத்தோடதான் வீட்டை வாறவர். வந்த உடன குளிப்பார். நாத்தக் கடை, நாத்தப் பியர் எண்டு ஒரே ஏச்சு."

"அப்ப என்னத்துக்குப் போனவன்?"

"உங்களுக்கு அந்தக் கடையெண்டால் உயிராம். மாத்திக் கேட்டால் மனம் நொந்துபோவீங்களாம்."

"எனக்கோ? நான் அவனுக்காகவெல்லோ போனனான்!"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பிளாஸ்க்கைச் சிங்கில் கவிழ்த்தேன். இந்த நகரத்தில் எத்தனை நல்ல கடைகள்! ஆற்றங்கரையில் வெயிலில் இருந்து கதைத்திருக்கலாம். எல்லாவற்றையும் விட்டு, கக்கூஸ் வாசலில் குந்தியிருந்து நம் வெள்ளிக்கிழமைகளை முடித்தோமே. உன்மேல் கோபம் கோபமாக வந்தது.

அறைக்குள் வாழையிலை போட்டு, உன் படத்துக்கு முன்னால் எல்லாம் வைத்தாயிற்று. நீ வந்து சாப்பிடக் கதவைச் சாத்தவேண்டும். எல்லோரும் வெளியே வந்தோம். உன் மனைவி என்னை வாசலில் மறித்தாள்.

"நீங்கள் உள்ளுக்க இருங்கோ அண்ணை. இவருக்குப் பிடிச்சதைத்தானே வைக்கிறது."

கதவு சாத்தப்பட்டது. நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்தேன். "டேய், அந்தக் கடை எனக்குக் கண்ணிலயும் காட்டக் கூடாது" என்று வாய்விட்டே சொன்னேன். துணியைச் சொன்னேன், கதவைச் சொன்னேன், மேசையைச் சொன்னேன். நீ இருந்திருந்தால் தொடையில் அடித்து அடித்துச் சிரித்திருப்பாய். எனக்கு அழுகைதான் வந்தது.

வெளியிலிருந்து உன் மனைவி மெதுவாகத் தட்டினாள். "கதவைத் திறக்கட்டோ அண்ணை?"

"பொறம்மா. நாங்கள் இன்னும் கதைச்சு முடியேல்லை" என்றேன்.