சிமினிக்குப் போய்ச் சேராத குழாய்

1996 தை 16, செவ்வாய்

ஒரு கிழமையாக மகளுக்குத் தலையிடி. இன்று காலை சத்தி எடுத்து மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சோதித்துவிட்டு, வீட்டு காஸ் ஹீற்றரைப் பார்க்கச் சொன்னார்கள்.

காஸ் கொம்பனி ஆள் வந்து சுவரை உடைத்துக் காட்டினான். ஹீற்றரின் புகைக்குழாய் சுவருக்குள் நுழைகிறது. ஆனால் சிமினிவரை போகவில்லை. நடுவில் ஒரு சாண் இடைவெளி. ரொறன்ரோக் குளிருக்கு யன்னலும் திறப்பதில்லை. நச்சுப் புகை வீட்டுக்குள்ளேயே திரும்பியிருக்கிறது.

அந்த ஹீற்றரைப் பூட்டித் தந்தவர் என் சொந்த அண்ணா. போன் எடுத்துக் கேட்டேன்.

"ஓம் தங்கச்சி, குழாய் கட்டையாப் போச்சு. குளிர் முடியப் பாப்பம் எண்டு விட்டனான்."

தெரிந்திருக்கிறது! ஞாயிற்றுக்கிழமை எங்களோடு இருந்து சாப்பிட்டவர். மகள் தலையைப் பிடித்துக்கொண்டு அவர் மடியில் படுத்திருந்தாள். "கூட ரீவி பாத்தா உப்பிடித்தான்" என்று சிரித்தார்.

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ தேவையில்லாமல் பயப்பிடுவாய் எண்டுதான்."

மகள் தப்பிவிட்டாள். ஆஸ்பத்திரியில் அவளுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்துதான் எழுதுகிறேன். பிள்ளைக்கு இப்போது எப்படி என்று அண்ணா இன்னும் கேட்கவில்லை.