உன் மீட்டரும் என் கேமரா திரையும்

சண்டைக்காரா,

முந்தாநாள் சாயங்காலம் கேமராப் பையை அடுக்கும்போது வெளிச்சத்தை அளக்கும் உன் லைட் மீட்டர் கையில் தட்டுப்பட்டது. தோல் உறையைத் திறந்ததும் நாம் சேர்ந்து நடத்திய மாயவரம் ஸ்டுடியோவில் படம் கழுவும் ஹைப்போ மருந்தின் வாடை குப்பென்று வந்தது. மறுநாள் தரங்கம்பாடி சர்ச்சில் உன் மகளுக்குக் கல்யாணம். படம் எடுக்கப்போவது நான். டிஜிட்டல் கேமரா இருக்கும்போது இதையும் எடுத்துப்போவதா வேண்டாமா என்று காபி ஆறும்வரை யோசித்தேன். பாரம் ஒன்றுமில்லை, உள்ளங்கையில் அடங்குகிற சாமான். ஆனால் எடுத்துப்போனால் உன் கட்சியில் சேர்ந்ததாகிவிடுமே!

ஃபிலிம் காலத்தில் நீ மணப்பெண்ணின் கன்னத்தருகே இதைக் கொண்டுபோய், வெள்ளைக் குமிழைக் கேமரா பக்கம் திருப்பிப் பிடிப்பாய். முள் காட்டும் அளவைச் சொல்வாய், நான் வைத்து எடுப்பேன். நன்னிலத்தில் ஒரு மாப்பிள்ளையின் தாத்தா அதை மைக் என்று நினைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "எல்லாரும் சாப்ட்டுட்டுத்தான் போவணும்" என்று பேசினாரே, ஞாபகம் இருக்கிறதா? நீ சிரிக்காமல் கடைசிவரை பிடித்திருந்து, "நல்லா பேசுனீங்க ஐயா" என்றாய். எனக்குத்தான் கேமரா ஆடியது.

நீ துபாய்க்குப் போனபோது மீட்டரை என்னிடம் விட்டுப்போனாய். நான் டிஜிட்டல் வாங்கியதும் நம் சண்டை போனில் தொடங்கியது.

"பின்னாடி திரையிலயே படம் தெரியுது. இனிமே மீட்டர் எதுக்குடா?"

"திரை ஏமாத்தும்டா. வெயில்ல பாத்தா மங்கலா தெரியும், இருட்டுல பாத்தா பளிச்சுனு தெரியும்."

"சரியில்லன்னா இன்னொண்ணு எடுத்துக்கறேன்."

"தாலிய இன்னொரு தடவ கட்டச் சொல்லுவியா?"

பிறகு நீ வழக்கமாகச் சொல்வதைச் சொல்வாய்: "கேமரா, முகம் திருப்பிக் குடுக்கற வெளிச்சத்த அளக்குது. மீட்டர், முகத்து மேல விழற வெளிச்சத்த அளக்குது." நான் பதில் சொல்வதற்குள் உன் போன் கார்டு தீர்ந்துவிடும். லீவில் வந்து நேரில் தீர்த்துக்கொள்ளலாம் என்றாய். அதற்கு முன்பே அங்கேயே மாரடைப்பில் போய்விட்டாய். எனக்கு இன்னும் உன்மேல் கோபம்தான்.

கடைசியில் புது பேட்டரி போட்டு எடுத்துக்கொண்டுதான் போனேன். உன் மகள் வெள்ளைப் பட்டுப் புடவையில் நின்றாள். நிறம் அப்படியே உன்னுடையது. கேமராவின் போக்கில் விட்டு ஒன்று எடுத்தேன். அத்தனை வெள்ளையைப் பார்த்து மிரண்ட கேமரா, புடவையைச் சாம்பலாக்கி, முகத்தையும் இருட்டாக்கிவிட்டது. மாப்பிள்ளையின் அத்தை திரையை எட்டிப் பார்த்தார்.

"பொண்ணு ரொம்ப கறுப்பா விழுந்திருக்கே தம்பி. கொஞ்சம் கலரா காட்டுங்க."

சக்கரத்தைத் திருகி வெளிச்சத்தைக் கூட்டி வைத்து இன்னொன்று எடுத்தேன். திரையில் பளபளத்தது, அத்தைக்குத் திருப்தி. எனக்குத்தான் குழப்பம். முன்னது நிஜமா, பின்னது நிஜமா? சர்ச்சுக்குள்ளோ இருட்டு, திரையை நம்பவும் முடியவில்லை. வேறு வழியில்லாமல் உன் மீட்டரை அவள் கன்னத்தருகே பிடித்தேன்.

"அப்பாவோடதா மாமா?" என்றாள். கண் நிறைந்துவிட்டது. "அழுதா அளவு மாறுமா?"

"மாறாதும்மா. மேல விழற வெளிச்சத்தத்தான் அளக்குது" என்றேன். சொல்லிவிட்டுத்தான் அது உன் வசனம் என்று உறைத்தது. முள், நான் எடுத்த இரண்டு படங்களின் அளவுக்கும் நடுவில் நின்றது. இத்தனை காலம் சும்மா கிடந்த முள் சரியாகச் சொல்லுமா என்று சந்தேகம்தான். ஆனாலும் அது காட்டிய அளவிலேயே ஒன்று எடுத்தேன்.

இன்று மறுவீட்டுக்கு வந்தவளுக்கு உன் வீட்டுக் கம்ப்யூட்டரில் காட்டினேன். முதல் படத்தைத் தள்ளினாள். இரண்டாவதில் புடவையின் பூவேலை வெளிச்சத்தில் கரைந்திருந்தது. அதையும் தள்ளினாள். மூன்றாவதில் பூக்கள் இருந்தன, அவள் முகமும் இருந்தது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதுல அப்பா மாதிரியே இருக்கேன்" என்றாள். உன் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அத்தைக்கு ரெண்டாவது குடுத்துடுங்க மாமா. நம்ம வீட்டுச் சுவத்துக்கு இது."

அப்படியானால் நீ ஜெயித்துவிட்டாயா? தெரியவில்லை. இரண்டாவது படத்துக்குக் கூட்டிய சக்கரத்தைக் கொஞ்சம் குறைத்திருந்தால் மீட்டர் இல்லாமலே இதே படம் வந்திருக்கும். ஆனால் குறைக்க வேண்டும் என்று எனக்கு யார் சொல்லியிருப்பார்கள்? இந்த மீட்டர் ரிப்பேரானால் புதிது வாங்குவேனா, அதுவும் தெரியவில்லை. தோற்றேன் என்றால் கேட்டுச் சிரிக்க நீ இல்லை. ஜெயித்தேன் என்றால் மறுத்துப் பேசவும் நீ இல்லை. அதனால் நம் சண்டையை நான் தீர்க்கப்போவதில்லை. மீட்டரைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.