உறையிலிருந்த கத்தி

அன்பு மகளே,

அப்பா தனியாகத் துடுப்புப் போட்டுப் போகும் கயாக் படகு நேற்று நடுக்கடலில் கிடைத்தது. அதில் செருகியிருந்த தூண்டிலில் ஆளுயரச் சூரை மீன் ஒன்று மாட்டி, வெறும் படகை இன்னும் இழுத்துக்கொண்டிருந்ததாம். ஆளைத் தேடுகிறார்கள்.

“நூலை ஒரு வெட்டு வெட்டியிருந்தா வீட்டுக்கு வந்திருப்பாருக்கா” என்றான் அவர் கூட்டாளி. பெரிய மீன் இழுத்தால் முதலில் கத்தியை எடு என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த மனுஷன் உன் அப்பா. கத்தி படகில் கைக்கெட்டும் இடத்தில், உறையிலேயே இருந்தது.

நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடிவராதே. எனக்குச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. மீனையும் கொண்டுவந்து வாசலில் போட்டார்கள். அக்கம்பக்கத்துக்கெல்லாம் பங்கு போட்டுக் கொடுத்தேன்.

அந்தக் கத்தியால்தான் அறுத்தேன். நல்ல கூர்.

அம்மா