தலைகீழாய் நட்ட முதல் பாத்தி

ராணியம்மா,

விதைப்பூண்டு உடைத்த வாசனை இன்னும் விரலை விட்டுப் போகவில்லை. இன்று காலை எங்கள் ஊரில் பூண்டு நடவு. முதல் பாத்தி எப்போதும் உங்களுடையது. நீங்கள் நட்ட பிறகுதான் மற்றவர்கள் மண்ணில் கை வைப்போம். போன மழைக்காலத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். இத்தனை வருஷம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டுப் பல் எடுத்துக் கொடுத்தவள் என்று, பூண்டுத் தட்டை என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. எப்படி நடுவது?

அடிவாரத்து ஜமீன்தாருக்கு மாலையிட்டு நீங்கள் முதன்முதலாக மலையேறி வந்த வருஷம்தான் நானும் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். ஜமீன் சட்டப்படி என்றைக்கோ போயிருந்தது. ஊர் வாயிலிருந்து போகவில்லை. ராணி கையால் முதல் பல் நட்டால் விளைச்சல் பொய்க்காது என்பது இங்கே நம்பிக்கை. பட்டுப்புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பாத்தி ஓரம் குந்தினீர்கள். கூர்நுனி மண்ணுக்குள், வேர்ப்பக்கம் வானத்தைப் பார்க்க, பாத்தி முழுக்கத் தலைகீழாக நட்டீர்கள். நான் வாயைத் திறந்தேன். மாமியார் என் தொடையைக் கிள்ளினார்.

"அவுக வச்சது வச்சதாவே கெடக்கட்டும். பேசாம இரு."

மறு வருஷம் உங்களுக்குச் சங்கடமாகிவிடக் கூடாதென்று, கூட உட்கார்ந்த நாங்களும் அந்தப் பாத்தியில் தலைகீழாகவே நட்டோம். அதுவே முறையாகிவிட்டது. இப்போது வந்த மருமகள்கள், திருஷ்டிக்காகத்தான் அப்படி நடுகிறோம் என்று நினைக்கிறார்கள். முளை வளைந்து வந்து, கழுத்துக் கோணிய பூண்டாக விளையும். அதையே கொத்தாக முடிச்சுக் கட்டி, கொடைக்கானலில் உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து தருவோம்.

உங்கள் ராஜா, ஜமீன்தார், இறந்த பிறகு ஒருநாள் நீங்களே அடுப்படியில் உட்கார்ந்து அதை உரித்துக்கொண்டிருந்தீர்கள். கடைப் பூண்டெல்லாம் நேராக இருக்க, உங்கள் பூண்டு மட்டும் ஏன் கோணலாக இருக்கிறது என்று கேட்டீர்கள். அந்தப் பாத்திக்கு வெயில் பத்தாது என்றேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். பிறகு காப்பி கொடுத்தீர்கள்.

கடைசியாக நடவுக்கு வந்தபோது, பல்லை வாங்கிக் கூர்நுனி மேலே பார்க்கத் திருப்பினீர்கள். தலையைத் தூக்கி எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்தீர்கள். மறுபடி கவிழ்த்து மண்ணில் ஊன்றினீர்கள்.

தெரிந்துதான் செய்தீர்களா? எப்போதிருந்து தெரியும்? உங்கள் மானத்தை நாங்கள் காப்பாற்றுவதாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தோம்? நீங்கள் இறந்த செய்தியைப் போட்ட பத்திரிகையில், ஜமீன்தாரின் துணைவி என்று உங்களை ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். எங்களிடம் நீங்கள் விட்டுப்போனது இந்தப் பாத்திதான். நிமிர்த்தி நட்டால் செத்தவரைத் திருத்துவதுபோல இருக்கிறது. கவிழ்த்து நட்டால், கடைசிவரை உங்களை ஒன்றும் தெரியாதவராகவே வைத்திருப்பதாகிவிடும்.

"வெரசா வைங்கத்தே, வெயில் ஏறுது" என்றாள் என் மருமகள்.

நேராகவும் இல்லாமல், தலைகீழாகவும் இல்லாமல், பல்லைப் படுக்கவைத்து மண்ணைத் தள்ளி மூடினேன். நிமிர்ந்து பார்த்தால், பாத்தியைச் சுற்றிக் குந்தியிருந்த அத்தனை பெண்களும் படுக்கவைத்தே நட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் ஏனென்று கேட்கவில்லை.

இது முறையல்ல, எப்படி வைப்பதென்று தெரியாமல் வைத்தது என்று சொல்லிவிட வாயைத் திறந்தேன், ராணியம்மா. அவர்கள் முகங்களைப் பார்த்தேன். அடுத்த பல்லையும் படுக்கத்தான் வைத்தேன்.