சிரிக்கச் சிரிக்க எழுதினேன்

மார்ச் 3, செவ்வாய்

அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து ஒரு வாரம் ஆகிறது. இடுப்பெலும்பில் விரிசல். மூன்று மாதம் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பகலெல்லாம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஊரார் படுக்கை விரிப்புகளை அலசிவிட்டு வந்தால், வீட்டிலும் ஒரு விரிப்பு காத்திருக்கிறது.

"அவனுக்கு மட்டும் எழுதிடாதே" என்கிறார் அத்தை, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு. பெற்ற மகனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அவ்வளவு பயம். எனக்கு மட்டும் இல்லையா? என் வீட்டுக்காரர் சண்டைக்குக் கப்பல் ஏறிய அன்று துறைமுகத்தில் ஓர் அதிகாரி எங்களையெல்லாம் நிற்க வைத்துச் சொன்னார்: "வீட்டுக் கஷ்டத்தை எழுதாதீங்கம்மா. கவலையில இருக்கிறவனுக்குக் கவனம் தப்பும். கவனம் தப்பினா ஆள் தப்ப மாட்டான்."

அதனால் இப்படி எழுதினேன்: "உங்கள் அம்மா இப்போது மகாராணி. இருந்த இடத்துக்குச் சாப்பாடு வருகிறது. கட்டிலை விட்டு இறங்குவதே இல்லை." ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

மார்ச் 11, புதன்

மழை. கூடத்தில் நாலு இடத்தில் ஒழுகுகிறது. இருக்கிற பாத்திரத்தையெல்லாம் வைத்தாயிற்று. "வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வசதி வந்துவிட்டது" என்று எழுதலாம்.

மார்ச் 22, ஞாயிறு

வேலையில் விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிர்முனையைப் பிடித்திருந்தவள் நேற்று சொன்னாள்: "வீட்டுக்காரர் சண்டைக்குப் போயிருக்கார், நீ என்னடான்னா சிரிச்சிக்கிட்டே இருக்கே. குடுத்து வச்சவடி."

வீட்டில் ஒற்றை ஆளாக மடிக்கப் பழகிவிட்டேன். ஒரு முனையைத் தாடையில் இடுக்கிக்கொள்ள வேண்டும். இன்று பாதி மடிப்பில் அழுகை வந்தது. வாயைத் திறந்தால் விரிப்பு விழுந்துவிடும். அடக்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

லீவு! அவர் பிரிவில் மாதத்துக்கு ஒருவரைத்தான் ஊருக்கு அனுப்புவார்களாம். மே மாதம் அவருடைய முறையாம். கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். படுத்தபடியே தலை வாரிவிடச் சொன்னார். வரப்போவது மே மாதம், தலை வாருவது இன்றைக்கு. நான் மட்டும் என்ன, கண்ணாடி முன்னால் நின்று நாளாயிற்று, இன்று நின்றேன். கன்னம் ஒட்டித்தான் போயிருக்கிறது. ஒரு மாதத்தில் தேறிவிடாதா?

ஏப்ரல் 26, ஞாயிறு

அவர் வரப்போவதில்லை.

கடிதத்தை அப்படியே எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன். "உன் கடிதம் வந்தால் சத்தமாகத்தான் படிப்பேன். முகாமே சிரிக்கும். தண்ணீர் வசதி என்றதும் என் பக்கத்துப் படுக்கை நெட்டைக்குப் புரையேறிவிட்டது. பாவம், அவன் மனைவி அழுது அழுதுதான் எழுதுகிறாள். நம் வீட்டில்தான் ஒரு குறையும் இல்லையே. என் முறையை அவனுக்குக் கொடுத்துவிட்டேன். நீ கோபித்துக்கொள்ள மாட்டாய்."

கோபிச்சுக்க மாட்டேனா? யாரைக் கோபிச்சுக்கிறது? என்னையேதான். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்னு தெரியாதா எனக்கு? தெரிஞ்சுதானே பல்லைக் காட்டிக்கிட்டு இருந்தேன்? அந்தப் பெண் அழுதாள், அவளுக்குப் புருஷன் வருகிறான். எனக்கு — நல்ல பேர் வந்திருக்கிறது.

ஏப்ரல் 27, திங்கள்

எழுதப் பிடிக்கவில்லை. இங்கேயும், அவருக்கும்.

மே 9, சனி

நெட்டை வந்தார். பேருக்கேற்ற உயரம். குனிந்தும் வாசல் நிலையில் இடித்துக்கொண்டார். கையில் என் வீட்டுக்காரர் கொடுத்தனுப்பிய சோப்புக்கட்டிகள், வாயெல்லாம் சிரிப்பு.

"எங்க அண்ணி அந்த மகாராணி? ஒரு சலாம் போட்டுட்டு வரேன்" என்று அத்தையின் அறைக்குள் நுழைந்தார். சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. படுக்கைப் புண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தவள் பாதியில் எழுந்து வந்திருந்தேன். அத்தை அவசரமாகப் போர்வையை இழுத்துக்கொண்டார். நெட்டை கூடத்துப் பாத்திரங்களைப் பார்த்தார், மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பூட்ஸைக் கழற்றிவிட்டு, ஏணி எங்கே என்று கேட்டுக் கூரை மேல் ஏறினார். சாயங்காலம் வரைக்கும் ஓடு மாற்றினார். காப்பியைக்கூடக் கூரை மேலேயே வாங்கிக் குடித்தார்.

கிளம்பும்போது பூட்ஸை மாட்டிக்கொண்டே சொன்னார்: "வேணாம்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும் அண்ணி. உங்க லெட்டரைக் கேட்டுட்டு, இந்த வீட்டுக்கு என்ன குறைன்னு நானும் நெனச்சுட்டேன். போய் என்ன சொல்லட்டும்?"

"சௌக்கியம்னு சொல்லுப்பா" என்று உள்ளிருந்து அத்தையின் குரல்.

எனக்கு அந்தத் துறைமுக அதிகாரியின் முகம் கண்முன் வந்தது. இருந்தும் சொல்லிவிட்டேன்.

"பார்த்ததைச் சொல்லுங்க."

ஜூன் 14, ஞாயிறு

கடிதம் இல்லை. நெட்டை திரும்பிப்போய் எத்தனை நாளாயிற்று! தபால்காரர் என் வாசல் வந்ததும் சைக்கிள் மணியைக்கூட அடிக்காமல் போகிறார். அத்தை கோலூன்றி நடக்கிறார், ஆனால் என்னோடு பேச்சில்லை. நேற்று மட்டும், "அவனுக்கு ஒண்ணுன்னா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். மீதியை நான் ராத்திரியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். என் மனசு ஆறணும்னு அவர் தலையில நானே கல்லைத் தூக்கிப் போட்டுட்டேனா?

ஜூலை 20, திங்கள்

வந்துவிட்டது. கனத்த உறை. தேதியைப் பார்த்தால் எப்போதோ எழுதியது, வழியில் எங்கோ கிடந்திருக்கிறது. ஒரு வேடிக்கைகூட இல்லாத கடிதம்.

நெட்டை சொன்னதைக் கேட்டு என் கடிதங்களையெல்லாம் மறுபடி எடுத்துப் படித்தாராம். பிறகு எழுதியிருக்கிறார். ஜனவரியில் பக்கத்தில் குண்டு விழுந்ததாம். இடது காது போய்விட்டதாம். மற்ற காதில் ஓயாத இரைச்சல், தூக்கமே இல்லையாம். "அந்த இரைச்சலை அடக்கத்தான் உன் கடிதங்களைச் சத்தமாகப் படித்தேன். உன் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை." அடுத்த முறை நவம்பரில் வருமாம், அதை யாருக்கும் தரமாட்டாராம்.

அத்தை தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னோடு பேசினார்: "பதில் எழுது. என் பங்குக்கும் நாலு வார்த்தை திட்டு."

ஜூலை 21, செவ்வாய்

கல்யாணமான புதிதில் போட்ட மாதிரி ஒரு சண்டை போட்டேன், காகிதத்தில். காதை மறைத்ததற்கு ஒரு பாட்டம், லீவைத் தானம் செய்ததற்கு ஒரு பாட்டம், நடுவில் அத்தையின் பங்கு. கண்ணீர் விழுந்து மை கலைந்தது. வேறு தாள் எடுக்கவில்லை. எதிரே உட்கார்ந்து அவர் முறைப்பது போலவே இருந்தது. வீட்டில் ஆள் இருக்கிற சத்தம் கேட்டு எவ்வளவு காலமாயிற்று!

உறையை ஒட்டிய பிறகுதான் நினைவு வந்தது: "இங்கு அனைவரும் நலம்" என்று எழுதவே இல்லை. பிரிக்கவில்லை. அப்படியே கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டேன்.