பெண்கள் வார்டில் கவிதா

ஜூலை 8, திங்கள்

காலையிலிருந்து தூறல். யூனிஃபார்ம் காயவில்லை. ஈரத்தோடே இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு டியூட்டிக்கு.

மனநல வார்டில் புது அட்மிஷன். கவிதா, இளம்பெண், வீடு நந்திதுர்க் பக்கம். முதல் பிரசவம் முடிந்து சில வாரங்கள்தான். பெண் குழந்தை. அன்றிலிருந்து சரியான தூக்கமே இல்லையாம். நேற்றுச் சாயங்காலம் மழையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பழைய தங்கச் சுரங்கக் கழிவைக் கொட்டிய சயனைடு மண்மேட்டின் உச்சியில் போய் நின்றிருக்கிறாள். ஆடு மேய்க்கிறவர் ஒருவர் பார்த்து, பேச்சுக் கொடுத்துக் கீழே இறக்கிக் கூட்டி வந்திருக்கிறார்.

"அது என் புள்ள இல்ல சிஸ்டர். மாத்திட்டாங்க. அதோட அம்மா மேட்டுக்கு அந்தாண்ட அழுதுனு கீறா. குடுத்துட்டு வரலாம்னுதான் போனேன்."

இதைச் சொல்லும்போது அவள் நைட்டியின் முன்பக்கமெல்லாம் பால் நனைந்திருந்தது.

டாக்டர் சொன்னது: பிரசவத்துக்குப் பின் சிலருக்கு வரும் மனநோய். குணமாகும். ஆனால் ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடக்கூடாது. குழந்தை இப்போதைக்கு மாமியாரிடம். புட்டிப்பால்.

ஜூலை 9, செவ்வாய்

மாத்திரைக்கு வாயைத் திறக்கவில்லை. விஷமாம். வற்புறுத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். பால் கட்டி மார்பு கல்லாகியிருந்தது. வெந்நீர் ஒத்தடம். பாலைப் பீய்ச்சி எடுக்க உதவி. வலி குறைந்த பிறகு தானாகவே கையை நீட்டி மாத்திரையை வாங்கிக்கொண்டாள்.

மாமியார் சரோஜா வராந்தாவில், குழந்தையோடு. உள்ளே வர மறுப்பு.

"பூதிகோட்டைல மந்திரிக்கிறவரு ஒருத்தரு கீறாரு சிஸ்டர். இட்டுனு போயி கயிறு கட்டிக்னு வந்துர்றோம்."

அவர்கள் பௌத்தர்கள், வீட்டில் புத்தர் படம் மட்டும்தானாம். பயம் வந்தால் மனிதர்கள் எல்லாக் கதவையும் தட்டுவார்கள்.

"கயிறு வேணாம்னு சொல்லலம்மா. வாங்கியாந்து இங்கியே கட்டுங்க. மாத்திரைய மட்டும் நிறுத்தாதீங்க."

"கொணமானாலும் சரி, அவ கைல புள்ளய குடுக்க மாட்டேன்."

மண்மேட்டை நினைத்தால் எனக்கும் அந்தப் பயம் உண்டு.

வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் புக் பண்ண மறந்துவிட்டேன்.

ஜூலை 11, வியாழன்

நன்றாகத் தூங்கினாளாம். எழுந்ததும் கேள்வி: "நீங்களே சொல்லுங்க சிஸ்டர், அது என் புள்ளயா?"

வாதாடவும் கூடாது, தலையாட்டவும் கூடாது. "உனக்கு அப்டி தோணுது, பயமாத்தான் இருக்கும். கொழந்த பத்திரமா இருக்குது. நீயும் பத்திரமா இருக்கே."

கணவன் பிரபு பெங்களூரில் வேலை முடித்து, பங்காருபேட்டையில் ரயிலிறங்கி நேராக இங்கே. "இன்னா சாப்ட்ட?" அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வெளியே வந்து என்னிடம், "பழைய கவிதாவா வருவாளா சிஸ்டர்?"

"வருவா. நாளாகும்."

அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க வேண்டுமா? தெரியவில்லை.

ஜூலை 17, புதன்

மோசமான நாள். அவளுக்குத் தெளிந்துகொண்டு வருகிறது, அதனால்தான்.

தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று, "நா கொழந்தைய மேட்டுக்கு தூக்கினு போனேனா?"

"ஆமாம்மா."

"மழைலயா?"

"ஆமா."

"கீழ போட்டுருப்பேனா சிஸ்டர்?"

பின்னல் கையிலேயே நின்றுவிட்டது. பொய் சொல்ல மனம் வரவில்லை.

"தெரியாது கவிதா. உன்ன அங்க இட்டுனு போனது நோவு. ஆனா கொழந்த மேல மழ படாம நெஞ்சோட மூடிக்னு நின்னியாம். ஆடு மேய்க்கிறவரே சொன்னாரு."

வந்த நாளிலிருந்து முதல் அழுகை. மத்தியானச் சாப்பாடு வரைக்கும் நிற்கவில்லை. நோய் உச்சத்தில் இருந்தபோது இந்த வலி அவளுக்கு இல்லை. இனிமேல்தான் அவள் தன்னை ஏதும் செய்துகொள்ளாமல் நாங்கள் கண்காணிக்க வேண்டும். டாக்டரிடம் சொல்லி, அவள் கட்டிலை எங்கள் மேஜைக்குப் பக்கத்தில் போட்டாயிற்று.

வீட்டில் ரசம் கெட்டுப்போயிருந்தது. வெறும் மோர் குடித்துவிட்டுப் படுக்கை.

ஜூலை 22, திங்கள்

வெயில், கடைசியில். துணியெல்லாம் காய்ந்தது.

நர்ஸ் பக்கத்தில் இருந்தால் குழந்தையைக் காட்டலாம் என்று டாக்டர் அனுமதி. சரோஜா வாசற்படியில் நின்று நின்று உள்ளே வந்தார். கவிதா கையை நீட்டவில்லை.

"வேணாம் அத்த. நீங்களே வெச்சுக்கோங்க."

குழந்தையின் பாதத்தை மட்டும் ஒரு விரலால் தொட்டாள். உடனே விரலை எடுத்துக்கொண்டாள்.

வராந்தாவில் சரோஜா என்னிடம்: "அவளுக்கும் பயமா கீது சிஸ்டர். எனக்கு மட்டுந்தான்னு நெனச்சினு இருந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

ஜூலை 25, வியாழன்

இன்று சரோஜா வராந்தாவில் நிற்கவே இல்லை. நேரே வந்து கட்டிலில், மருமகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஊர்ப்பேச்சு. தண்ணி லாரி வரவில்லை, பிரபுவுக்கு ஜலதோஷம். குழந்தை சிணுங்க ஆரம்பித்தது. சரோஜா இரண்டு தரம் தோள் மாற்றினார்.

"புடிம்மா. கை நோவுது."

கவிதா என்னைப் பார்த்தாள். நான் பக்கத்திலேயே நின்றேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"தலைய தாங்கு, தலைய."

"தெரியும் அத்த."

குரலில் கொஞ்சம் கோபம்கூட.