நிற்கவில்லை, சுற்றுகிறார்

செவ்வாய், ஏழாம் வீடு. புகார்ப் பதிவேடு.
பெறுநர்: நடைக் கண்காணிப்பு மேசை, தலைமை நிலையம். இதைத் திறந்து படிக்கிறவர் யாராக இருந்தாலும் அவருக்கும்.

நிலைய நாள் 412, காலை 7:30

வெளிவாசல் அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். செண்பகவல்லியாகிய நான், வீட்டு நிர்வாகம். என் வீட்டுக்காரர் சங்கரலிங்கம், கோபுர மெக்கானிக். நர்ஸ் மைமூன். ஏழாம் வீட்டில் குடியிருப்பதே நாங்கள் மூன்று பேர்தான்.

அவர் உடை மாட்டிக்கொண்டு பேச்சுக் கோபுரத்தைப் பழுது பார்க்கப் புறப்பட்டார். தூரம் இரண்டே கால் கிலோமீட்டர், நடை. முதுகில் பத்து மணி நேரக் காற்று, அதாவது மாலை 5:30 வரை. இடது முன்கையில் போன். கையுறை மாட்டுவதற்கு முன்பே செயலியில் நடையைத் தொடங்கிவிட்டார், ஏனென்றால் கையுறை விரலுக்கு அந்தத் திரை மசியாது. பச்சை விளக்கு எரிந்ததைப் பார்த்து எழுதிக்கொண்டேன்.

இத்துடன் என் பழைய புகாரையும் நினைவுபடுத்துகிறேன். எண் 88. கொடுத்துப் பதினோரு நாளாகிறது. எலும்பு தேயாமல் இருக்க ஒவ்வொருவரும் தினம் நாற்பது நிமிடம் வெளியே நடக்க வேண்டும் என்பது உங்கள் சட்டம். நான் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நடக்கிறேன். தொட்டியின் அடியில் பிள்ளையார் வைத்திருக்கிறோம். ஒன்பது சுற்று, நின்று ஒரு கும்பிடு, மறுபடி ஒன்பது. அவரும் என் பின்னால் வருவார். செயலி எங்கள் இருவருக்கும் "நடை: பூஜ்யம்" என்று போடுகிறது. வட்டத்தின் அகலம் எட்டு மீட்டர். உங்கள் செயற்கைக்கோள்கள் காட்டும் புள்ளி பத்து மீட்டர் முன்னே பின்னே தள்ளாடும். அந்தத் தள்ளாட்டத்துக்குள் சுற்றுகிறவரை, நிற்கிறவர் என்று செயலி முடிவு கட்டிவிடுகிறது. பிள்ளையாரை இதைவிட அகலமாக வைக்க வழியில்லை. செயலியைத் திருத்துங்கள்.

காலை 8:50

கோபுரத்திலிருந்து அவர் குரல் வந்தது. பதிவானபடி எழுதுகிறேன்.

"ஏளா, வந்து சேந்துட்டேன். இழுத்துக் கட்டுன கம்பில ஒண்ணு அந்து கெடக்கு. ரெண்டு மணி நேர சோலி. மைமூனு, ஒங்க அக்கா அந்தப் புகார் நோட்டுல ரொம்ப ஏசி எழுதாம பாத்துக்க. நம்ம தண்ணிப் பங்குல கை வச்சிரப் போறானுவ."

மைமூன் பதில்: "நீங்க சொல்லியே கேக்காதவங்க, நான் சொல்லியா கேக்கப் போறாங்க மச்சான்."

காலை 9:50

புழுதிப் புயல். மாலையில்தான் வரும் என்று உங்கள் முன்னறிவிப்பு சொன்னது. ஜன்னலுக்கு வெளியே பத்தடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி தெரியவில்லை. 9:42-க்கு அவர் குரல் பாதிச் சொல்லில் அறுந்தது. கோபுரம் போயிருக்கும். வெளிக்கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. புயலில் அது வெளியிலிருந்து வருகிறவருக்குத் திறக்கும், உள்ளிருந்து போகிறவருக்குத் திறக்காது.

அவர் போனிலிருந்து புள்ளி வருகிறது. பத்து நொடிக்கு ஒன்று. புள்ளி நேரே கோளுக்குப் போகும், அதற்குக் கோபுரம் வேண்டாம். கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

காலை 10:20

செயலியில் அவர் பெயருக்கு நேரே இப்படி வந்திருக்கிறது: "நடை முடிந்தது. 2.3 கி.மீ. வாழ்த்துகள்." பக்கத்தில் கைதட்டும் படம்.

நடை முடிந்ததாகச் செயலி நினைத்தால் என்ன செய்யும் என்பதை எழுதி வைக்கிறேன், உங்கள் ஆட்களுக்கே தெரிகிறதா என்று சந்தேகமாக இருப்பதால். மின்கலம் மிச்சமாக வேண்டும் என்று திரையை அணைக்கும். வீட்டுக்குத் திரும்பும் வழியைக் காட்டும் அம்பையும் அணைக்கும். புள்ளி அனுப்புவதை மட்டும் விடாது. இங்கே திசைகாட்டி முள்ளுக்கு வேலை இல்லை. இந்தப் புழுதியில் அந்த அம்பு ஒன்றுதான் அவருக்குக் கண்.

காலை 10:45

வீட்டுப் பேச்சுப்பெட்டிக்குக் கோபுரம் வேண்டாம், கோள் வழியாக மேசைக்குப் பேசினேன். எடுத்தவர் பெயர் ரெக்ஸ்லின்.

"மேடம், கோவப்படாதீங்க. மொதல்ல போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க."

"போன் அவர் கையில இருக்கு. அவரு வெளிய புயல்ல இருக்காரு."

"அப்போ இருப்பிட அனுமதி 'எப்போதும்'னு இருக்கான்னு செக் பண்ணுங்க. மின்சேமிப்பு ஆன்ல இருந்தா எடுத்துருங்க. போனை வானம் தெரியற இடத்துல வைங்க."

"தம்பி, அவரு வானத்துக்குக் கீழதான் நிக்காரு. வேற எதுவுமே இல்ல அவருக்கு மேல."

"நடை முடிஞ்சதுன்னு வந்தா, ஆள் வீட்டுக்கு வந்துட்டாருன்னு அர்த்தம் மேடம். உள்ள ரூம்ல நல்லாத் தேடிப் பாருங்க."

மைமூன் வாங்கிப் பேசினாள். "இங்க இருக்கதே நாலு ரூமு. ஒங்க வீட்டு ஆளா இருந்தா கட்டிலுக்கு அடியில தேடுவீகளா?"

புகார் எண் 91 கொடுத்தார். இணைப்பு அறுந்தது. அவராகத்தான் அறுத்தார், புயல் அறுக்கவில்லை.

காலை 11:35

செயலியின் அமைப்புகளுக்குள் மூன்றாவது பக்கத்தில் "மூலப் புள்ளிகளை இறக்கு" என்று ஒரு பொத்தான் உண்டு. என் பூஜ்யக் கணக்கைச் சரிபார்க்கப் போன மாதம் நானே தேடிக் கண்டுபிடித்தது. அதில் செயலியின் கைவேலை இருக்காது. வந்த புள்ளி வந்தபடி இருக்கும். அவருடையதை இறக்கினேன். பத்து மணியிலிருந்து 570 புள்ளி. கட்டம் போட்ட நோட்டில் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு வருகிறேன். மைமூன் எண் வாசிக்கிறாள், நான் குறிக்கிறேன்.

பகல் 12:40

கண்டுபிடித்துவிட்டேன்.

கீழே கிடக்கும் போனின் புள்ளி எப்படித் தள்ளாடும் என்று எனக்குத் தெரியும். என் போனைப் பகல் முழுக்க ஜன்னலில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை இடப்பக்கம், ஒரு தடவை வலப்பக்கம், தாறுமாறாக. இது அப்படி இல்லை. வட்டம் மொத்தமாக அங்கே இங்கே நகர்கிறதே தவிர, அதற்குள் ஏழு புள்ளிக்கு ஒரு சுற்று. எல்லாம் வலப்பக்கமாகவே. ஒரு சுற்றுகூட மாறவில்லை. ஒன்பது சுற்று முடிந்ததும் இரண்டு புள்ளி ஒரே இடத்தில். பிறகு மறுபடி ஒன்பது.

வலம் வருகிறார். கோபுரத்தின் அடிக்கம்பத்தைக் கையில் கயிறு பிடித்துக்கொண்டு பிரதட்சிணம் செய்கிறார். திசை தெரியாத புயலில் கோபுரத்தை விட்டு அகலக் கூடாது என்பது விதி. நின்றால் கால் விறைத்துவிடும். அதனால் தொட்டியடியில் எப்படி நடப்பாரோ அப்படி நடக்கிறார்.

என் ஆள் உயிரோடு இருக்கிறார். நின்று கும்பிடுகிற அளவுக்குத் தெம்போடு இருக்கிறார்.

பகல் 1:15

மேசைக்கு மறுபடி. ரெக்ஸ்லின்தான். நோட்டைப் படம் எடுத்து அனுப்பிவிட்டுப் பேசினேன்.

"மேடம், இத நாங்க தள்ளாட்டம்னு சொல்லுவோம். பத்து மீட்டருக்குள்ள வர்றது எல்லாமே தள்ளாட்டம்தான்."

"தள்ளாட்டம் ஒம்போது சுத்துக்கு ஒருக்கா நின்னு சாமி கும்பிடுமா?"

"அது... கேக்க நல்லா இருக்கு மேடம். ஆனா சிஸ்டம் ஒத்துக்காது."

என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொன்னேன். அவர் போனுக்கு "தானாக நிறுத்துதல்" என்ற அமைப்பை அணைக்க வேண்டும். மேசையிலிருந்து போகும் கட்டளை கோள் வழியாக அவர் போனுக்குப் போகும். நான் அனுப்ப முடியாது, நீங்கள் அனுப்பலாம். திரை விழிக்கும், அம்பு வரும், அவர் நடந்து வந்துவிடுவார். ஒரே ஒரு சுவிட்ச்.

"அமைப்பை மாத்தணும்னா உரிமையாளர் தன்னோட போன்ல 'சம்மதம்' அழுத்தணும் மேடம். தனியுரிமை விதி."

"அவரு போன் தூங்குது. அதை எழுப்பத்தான் கேக்கேன்."

"அப்போ ஒரு வரி செய்தியாவது அனுப்பலாமேன்னு பாத்தேன். நடை முடிஞ்ச போனுக்கு அமைப்புக் கட்டளைதான் போகுமாம், செய்தி போகாதாம்."

நாங்கள் போய்க் கூட்டி வர வெளிக்கதவைத் திறக்கச் சொன்னேன். புயல் தணிந்ததும் பரிசீலிப்பார்களாம்.

பகல் 2:20

சுற்றுக்கு இப்போது பதினான்கு புள்ளி. காலையில் ஏழு. கால் தளர்கிறது.

இதையும் எழுதத்தான் வேண்டும். முப்பது மீட்டர் நேராக நடந்தால் செயலி தானாக விழித்துக்கொள்ளும். அவர் கயிற்றை நீள விட்டுச் சும்மா முன்னும் பின்னுமாக நடந்து குளிர் போக்கியிருந்தால் பத்தரை மணிக்கே அம்பு வந்திருக்கும். வட்டமாக நடக்கப் பழக்கியது நான். இங்கே வந்த முதல் மாதம், "நேரா நடந்தா என்னளா, வட்டமா நடந்தா என்ன, எலும்புக்குத் தெரியவா போவுது" என்றார். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சுற்றியது நான்தான்.

பிள்ளையார் மேல் எனக்கு வருத்தமில்லை. வலம் வருகிறவரை நிற்கிறவர் என்று சொன்னது அவரல்ல.

பகல் 3:10

நேரக் கணக்கு. காற்று தீருவது 5:30. கருவிகளைப் போட்டுவிட்டு வெறுங்கையாக, அம்பைப் பார்த்து நடந்தால் ஐம்பத்தைந்து நிமிடம். ஆகவே அம்பு 4:35-க்குள் வர வேண்டும். அதற்குப் பிறகு வந்தால் அவருக்கு வழி தெரியும், ஆனால் காற்று இருக்காது.

மைமூன் உடை மாட்டி வெளிவாசல் அறையில் உட்கார்ந்திருக்கிறாள். கதவு திறக்காது என்று தெரிந்தும் உட்கார்ந்திருக்கிறாள்.

பகல் 3:40

உங்களிடமிருந்து செய்தி வந்தது. உள்ளே ஒரு படிவம்.

"உறுப்பினர் சங்கரலிங்கத்தின் புள்ளி ஐந்து மணி நேரமாக அசையவில்லை. உறுப்பினர் வீட்டில் இல்லை எனில், நெருங்கிய உறவினர் 'பதிவை மூடு' என்பதை அழுத்தவும். மூடிய பதிவுக்கான புள்ளிகள் சேமிப்பிலிருந்து நீக்கப்படும்."

காலையில் வீட்டுக்கு வந்துவிட்டார் என்றீர்கள். இப்போது செத்துவிட்டார் என்கிறீர்கள். இரண்டுக்கும் ஒரே புள்ளிதான் ஆதாரம். அவர் உயிரோடு இருப்பதற்கு என் நோட்டில் நாற்பது பக்கம் ஆதாரம் இருக்கிறது, அதைப் பார்க்க மேசையில் ஒருவருக்கும் நேரமில்லை. அவர் போனைத் தொடச் சம்மதம் வேண்டும் என்றீர்கள். அவரைச் சாகடிக்க மட்டும் என் விரல் போதுமா?

அழுத்த மாட்டேன்.

மாலை 4:02

மேற்பார்வையாளர் கோதண்டபாணியிடம் இணைத்தார்கள். முழுப் பேச்சு இதுதான்.

"அம்மா, உங்க நெலம புரியுது. ஆனா ஒருத்தருக்காக விதியைத் தளர்த்துனா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க."

"கேக்கட்டும். உயிரோட இருக்கவங்கதான கேப்பாங்க."

"புகாரை மேல அனுப்பிருக்கேன். ரெண்டு வேலை நாள்ல பதில் வரும்."

"அவருக்கு இருக்கறது முப்பத்து மூணு நிமிஷம்."

"நோட் பண்ணிக்கறேன்மா."

மாலை 4:11

ரெக்ஸ்லினிடமிருந்து எழுத்துச் செய்தி. மேசை எண்ணிலிருந்து அல்ல, அவர் சொந்த எண்ணிலிருந்து.

"மேடம் உங்க நோட்ட நான் உக்காந்து எண்ணிப் பாத்தேன். ஒம்போதுதான். எல்லாமே ஒம்போது. சுவிட்ச் என் திரையில தெரியுது. சாவி சார் கிட்ட இருக்கு. கேட்டுட்டு இருக்கேன்."

ரெக்ஸ்லின் தம்பி, காலையில் உன்னை ஏசினேன். அதை அடிக்க மாட்டேன், எழுதியது இருக்கட்டும். இதையும் எழுதுகிறேன்: எண்ணிப் பார்த்தது நீ ஒருவன்தான். கேட்டுக்கொண்டே இருக்காதே. பிடுங்கு.

மாலை 4:19

சுற்றுக்கு முப்பத்தொரு புள்ளி. ஐந்து நிமிடத்துக்கு ஒரு சுற்று. மைமூன் கதவைக் குறட்டால் நெம்புகிறாள். அசையவில்லை.

மாலை 4:24

ஒன்பதாவது சுற்று முடிந்தது. நின்றிருக்கிறார். எப்போதும் இரண்டு புள்ளி.

மூன்று. நான்கு.

ஐந்து. ஆறு. ஏழு.

குறட்டைப் போட்டுவிட்டு எண் வாசிக்க வந்த மைமூன் வாசிப்பதை நிறுத்திவிட்டாள். நானே வாசித்து நானே குறிக்கிறேன். எட்டு. ஒன்பது. பத்து. பதினொன்று.

பன்னிரண்டாவது நகர்ந்திருக்கிறது. அரை மீட்டர். வலப்பக்கம்.

மாலை 4:27

மேற்பார்வையாளர் கோதண்டபாணி அவர்களுக்கு.

அவர் நிற்கவில்லை. அடுத்த ஒன்பதைத் தொடங்கிவிட்டார். அதை முடிக்க அவருக்குக் காலும் காற்றும் இருக்காது. இன்னும் எட்டு நிமிடத்துக்குள் அம்பு தெரிந்தால் வீட்டுக்கு நடந்து வருவார். சம்மதம் வேண்டுமென்றால் அவர் மனைவி நான் தருகிறேன். குற்றம் வந்தால் என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். செண்பகவல்லி, ஏழாம் வீடு.

தானாக நிறுத்துதலை அணையுங்கள். அணைத்துவிட்டு ஒரு வரி பதில் அனுப்புங்கள். சீக்கிரம் அனுப்புங்கள்.